மலை தீர்ந்த இடத்துக்கு மேலே

மலை முடிந்துபோன பிறகும் தவளைகள் ஏறிக்கொண்டே போன வருஷத்தில், தொப்பிமுடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்துக்கு நல்ல விலை இருந்தது, மாதா கோவிலுக்குப் புதுக் கூரை போட்டார்கள், லூர்தம்மாளின் மகன் அலோசி மண்சரிவில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த எல்லாவற்றையும் ஊரார் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். தவளை ஏறியதை மட்டும் தனியாக எடுத்து வைத்து அதிசயமாகச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது.

அது சிரட்டைத் தவளை. கட்டைவிரல் நகத்தளவுதான் உடம்பு, ஆனால் சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் இரண்டு சிரட்டையை எடுத்து யாரோ தட்டுகிற மாதிரி டொக், டொக், டொக் என்று அதன் குரல் மலையெல்லாம் கேட்கும். அதற்குக் குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம், வாலோடு நீந்துகிற பருவமும் கிடையாது. ஈரமான இலையில் முட்டையிடும், முட்டைக்குள்ளேயே கையும் காலும் முளைத்து முழுத் தவளையாக வெளியே வரும். அதற்கு வேண்டியதெல்லாம் மூட்டமும் குளிரும். அந்தக் குளிர் வருஷா வருஷம் மேலே நகர, தவளையும் ஆற்றோரச் சதுப்பை விட்டது, பிறகு துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்த மரங்களை விட்டது, பிறகு உச்சிக்குக் கீழே இருக்கிற சோலைக்குப் போய்ச் சேர்ந்தது, சோலையும் புழுங்க ஆரம்பித்ததும் உச்சிப் பாறைக்கு வந்தது. ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அவை அந்தப் பாறையிலும் நிற்காமல் மூட்டத்துக்குள் காலெடுத்து வைத்து, கிளை விட்டுக் கிளை தாவுகிற மாதிரி ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றுமில்லாததற்குத் தாவி, இரண்டு சில்வர் ஓக் மர உயரத்துக்கு மேலே போய், தங்களுக்குப் பிடித்த குளிர் அங்கே இருக்கக் கண்டு, வெறும் காற்றைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தன.

லூர்தம்மாளின் மகள் ஜெயராக்கினிக்கு அது முன்பே தெரிந்த சேதிதான். கொழுந்து எடுக்கிறவள் வீட்டில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, எந்த மலையை விட்டுத் தப்பினோம் என்று நினைத்தாளோ அதே மலைக்குத் தவளை தேடத் திரும்பி வந்தவள் அவள். யாருக்கும் அவள் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் ஊரில் அவள் பெயர் தவளை டீச்சர். அவளுடைய வேலை ஏறக்குறைய கல்யாணத் தரகர் வேலை. மரங்களில் கட்டிவைத்த சின்னப் பெட்டிகள் சாயங்காலச் சத்தத்தைப் பதிந்து வைக்கும், எந்தப் பெட்டியில் சிரட்டைத் தவளை கேட்கிறதோ அந்த இடத்தில் அவள் கணினியின் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாள், அங்கே எவ்வளவு மழை, எவ்வளவு குளிர், எவ்வளவு மூட்டம் என்றும் சொல்லுவாள். கணினி மலைத்தொடர் முழுவதும் பொருத்தம் பார்த்து, இந்தத் தவளைக்கு ஒத்துவருகிற இடம் இன்றைக்கு எங்கே, இன்னும் ஐம்பது வருஷத்தில் எங்கே என்று பச்சை பூசிக் காட்டும். அந்தக் கணக்கு ஆனி மாதமே சொல்லிவிட்டது, இனி இதற்கு ஏற்ற குளிர் உச்சிக்கும் மேலே, பாறை முடிந்து வெறும் காற்று இருக்கிற இடத்தில்தான் என்று. அங்கே தவளை வாழ முடியாது என்று அவள் அறிக்கையில் எழுதினாள். தவளைகள் அறிக்கையைப் படிக்கவில்லை.

கணக்கு இன்னொரு சின்னப் பச்சையையும் காட்டியது. அடியில், சூட்டில் கிடக்கிற ஆற்றோரச் சதுப்பில், மண்சரிவில் போன, தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளுக்குப் பக்கத்தில். அது ஏன் அங்கே வந்தது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஊர் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. முதல் வாரம் எல்லாரும் போய் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கோவிலில் ஜெபம் சொல்லித் தருகிற உபதேசியார் பாக்கியநாதன், நோவாவின் பேழையில் தவளை ஏறியதற்கு வேதத்தில் தனியாக வசனம் இல்லை, இல்லை என்பதற்காக ஏறவில்லை என்றும் ஆகாது என்று சொல்லி முடித்துக்கொண்டார். வெயில் அடித்தால் தவளைகள் இன்னும் மேலே போகும், குளிர்ந்தால் பாறையைத் தொடுகிற அளவுக்கு இறங்கும் என்று தெரிந்ததும், காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு, "தவள எறங்கிருக்கா பாருங்கட்டி, கம்பளி எடுக்கணுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வனத்துறை, தவளைகள் மீது கல்லெறியக் கூடாது என்று ஒரு பலகை நட்டது. கல்லெறியும் எண்ணமே அதுவரை யாருக்கும் வந்திருக்கவில்லை. ஜீப் ஓட்டுகிற பிச்சைக்கனி வண்டியின் முன்கண்ணாடியில் தவளை பாயிண்ட் என்று எழுதி ஒட்டிவிட்டு, வந்த வெளியூர்க்காரர்களிடம், "அதுக்கெல்லாம் ரெக்கை கிடையாது சார், ரோசம்தான்" என்று விளக்கம் சொன்னான். தீபாவளிக்கு உச்சிப் பக்கம் வெடி போடுவதில்லை என்று கிறிஸ்தவர்களும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

காற்றில் உட்காரலாம், காற்றில் முட்டை வைக்க முடியாது அல்லவா? பெண் தவளைகள் மட்டும் கனத்த வயிற்றோடு மூட்டத்தின் வழியே மெதுவாகக் கீழே வந்து, உச்சிக்கு அடியில் இருக்கிற சோலையில், பாசி பிடித்த மரங்களின் ஈர இலைகளில் முட்டையை வைத்துவிட்டு, அங்கே இருந்த புழுக்கம் தாங்காமல் மறுபடியும் ஏறிப் போயின. குஞ்சுகளும் பொரிந்ததும் தாய் போன வழியே ஏறின. விறகுக்குப் போகிற பெண்கள் இதைப் பார்த்துவிட்டுச் சோலைக்குள் போவதை நிறுத்திக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலே.

இப்படி எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தபோதுதான் லூர்தம்மாள் ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு மற்றப் பெண்களோடு உச்சிக்குப் போனவள், எல்லாரும் திரும்பி வந்த பிறகும் வராமல், நன்றாக இருட்டிய பிறகு வந்து, காலைக்கூடக் கழுவாமல் மகளிடம் சொன்னாள்.

"ஏட்டி ராக்கினி, அதுல ஒண்ணு தவள இல்ல. அது நம்ம அலோசி."

ஜெயராக்கினி அவளைக் கிண்டல் செய்யவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மறுநாள் அவளும் போய் நின்றாள். நூற்றுக்கணக்கான டொக், டொக்குகளுக்கு நடுவே ஒன்று கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் நக்கலாக, மூன்றாவது தட்டில் சற்று இழுத்துக் கேட்டது. அவளுக்கு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது.

அலோசி அவளுடைய தம்பி. தேயிலை ஃபேக்டரியில் வேலை முடிந்து சதுப்பு வழியாக வரும்போது, அக்காவின் பெட்டி கட்டியிருக்கிற மரத்தடியில் நின்று, வாயைக் கையால் குவித்து நாக்கைத் தட்டி அச்சு அசலாகச் சிரட்டைத் தவளை மாதிரி கூப்பிடுவான், கூப்பிட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்து, "யக்கா, இன்னைக்குத் தவளைக்குத் தொண்ட கட்டிருக்கு, கசாயம் குடு" என்று பெட்டியிடமே சொல்லுவான். அவள் திட்டித் திட்டி அந்தப் பதிவுகளை எல்லாம் அழிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மழையில் ஒரு மத்தியானம் மலையின் ஒரு பக்கம் சரிந்து, சாப்பாட்டுக்கு வீடு வந்தவர்களோடு ஆற்றோர லைனைக் கொண்டுபோனது. கொழுந்துக் காட்டில் இருந்ததால் லூர்தம்மாள் தப்பினாள். தோண்டித் தோண்டிப் பார்த்தும் சிலருடைய உடம்பு கிடைக்கவில்லை, அதில் அலோசியும் ஒருவன். மழை விட்ட பிறகு ஜெயராக்கினி பெட்டிகளைத் திறந்தபோது சதுப்புப் பெட்டியில் அவனுடைய கூப்பாடு ஒன்று மிச்சம் இருந்தது. என்ன காரணமோ அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு இல்லாததால் கணினி அதைச் சந்தேகமே படாமல் சிரட்டைத் தவளை என்று எடுத்துக்கொண்டது. அழிக்கக் கையை நீட்டியவள், அழிக்காமலே கையை எடுத்துக்கொண்டாள். உடம்பு இல்லை, கல்லறை இல்லை, வரைபடத்தில் ஒரு புள்ளியாவது இருக்கட்டும் என்றுதான் விட்டாள். இன்ன இடத்தில் இவன் இருந்தான் என்று எங்காவது சொல்லப்பட்டிருக்க வேண்டாமா?

அவள் வைத்த புள்ளிக்கும் வானத்தில் கேட்கிற குரலுக்கும் சம்பந்தம் இருப்பது புரட்டாசியில் தெரிந்தது. நிலையத்தின் தலைவர் சத்தியசீலன் சார் போனில், "அந்தச் சதுப்புப் புள்ளி மட்டும் ஒட்டாம நிக்குதேம்மா, எதுக்கும் ஒருதரம் பாரு" என்றார். அவள் அன்றைக்கு அதை எடுத்துவிட்டுக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். சாயங்காலம் அம்மா சீக்கிரமே இறங்கி வந்தாள்.

"இன்னைக்கு அவன் கூப்புடல" என்றாள். சோறு போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் புள்ளியைத் திரும்ப வைத்தாள், அம்மா சிரித்த முகத்தோடு வந்தாள். சூடான சட்டியை மறுபடி தொட்டுப் பார்க்கிறவளைப் போல ஜெயராக்கினி இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள், அன்றைக்கும் குரல் இல்லை. பிறகு அவள் சோதிக்கவில்லை. அது எப்படி நடக்கிறது என்று கேட்க அவளுக்கு விருப்பமில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அதற்குள் சமவெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் படுத்தபடியே தவளைகளைப் பார்க்க, சோலை இருக்கிற இடத்தில் மரங்களை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கூரை போட்டு ஹோட்டல் கட்டப் போகிறார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு அதில் வேலை உண்டு என்றும் சொன்னார்கள். சோலையை விடலாமா வெட்டலாமா என்று முடிவெடுக்க அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது, அந்தக் குழு கேட்டது ஜெயராக்கினியின் வரைபடத்தை. கம்பெனியின் ஆள் அதை முதலிலேயே வாங்கிப் பார்த்துவிட்டு, கெட்டவரும் இல்லை, மரியாதையாகவே சொன்னார்.

"உங்க மேப்லயே கீழ சதுப்புல பச்சை இருக்கே மேடம். இதுங்களுக்குச் சூடும் ஒத்துக்கும்னுதானே அர்த்தம்? சோலை போனா அங்க போய் முட்டை வச்சுக்கட்டுமே."

குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். மொத்தமே கொஞ்சம் புள்ளிகள் உள்ள கணக்கில் அந்த ஒரு புள்ளிதான் தவளைகள் சூட்டிலும் பிழைக்கும் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஜெயராக்கினிக்கு அது துளி விஷம் இல்லை, தம்பி. அவனை எடுத்தால் அம்மாவுக்கு இருக்கிற ஒரே பிள்ளைச் சத்தம் போகும். எடுக்காவிட்டால் சோலை போகும், முட்டை வைக்க இலை இல்லாமல் மேலே இருக்கிறவை எல்லாம் ஒரு தலைமுறையில் முடியும். வயல் எலி மாதிரி இந்த எண்ணம் அவளை உள்ளேயே அரித்தது. பல நாள் பொறுத்து, ஒரு சாயங்காலம் அம்மா உச்சியிலிருந்து வந்து அடுப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள், புள்ளியை, பொய்ப் பச்சையை, இரண்டு முறை எடுத்துப் பார்த்ததை.

லூர்தம்மாள் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்போ அந்த ரெண்டு நாளும் நீதான் அவன் வாயப் பொத்துனியா?"

"யம்மா, எனக்குத் தெரியாதும்மா."

"ரெண்டாந்தடவ தெரியும்லா?"

மகள் ஆமென்று தலையாட்டினாள்.

"மல ஒருக்கா கொன்னுச்சு. அது வாயில்லாத மல, அத என்ன கேக்க? நீ படிச்சவ, கூடப் பொறந்தவ." குரல் உயரவே இல்லை, அதுதான் ஜெயராக்கினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "தெனமும் போயி நிக்கேன். கூப்பிட்டு முடிச்சதும் சிரிப்பான்னு நிக்கேன். சிரிக்க மாட்டேங்கான். இன்னைக்குச் சிரிக்கல, நாளைக்குச் சிரிப்பாம்னு எறங்கி வாறேன்."

"நீ வேண்டாம்னா நான் எடுக்கலம்மா. என்ன ஆனாலும் ஆவட்டும்."

"எங்கிட்ட கேக்காதட்டி. கேட்டா நான் தாயி, வேண்டாம்னுதான் சொல்லுவேன். நூறு சோல போனாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்." விறகைத் தள்ளிவிட்டாள். "அதனால கேக்காமச் செய்யி. ஆனா கல்லறத் திருநா முடியட்டும்."

கல்லறைத் திருநாள் என்றால் எஸ்டேட்டில் அது பெரிய நாள். முந்தின வாரமே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு குழிக்கும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் வைத்து, செத்தவர்களுக்குப் பிடித்த பலகாரத்தைக் குழி மேலேயே வைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுப்பார்கள். கடந்த இரண்டு வருஷமும் லூர்தம்மாளும் உடம்பு கிடைக்காத மற்ற வீட்டாரும் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக் குழியருகில் நிற்பது என்று தெரியாமல், கல்யாணத்துக்கு அழைக்கப்படாமல் வந்தவர்களைப் போல ஓரமாக நின்றார்கள். இந்த வருஷம் அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை, செவ்வந்தியையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினார்கள். பிச்சைக்கனி நடக்க முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றிவந்து, காசு கேட்காமல், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான். உபதேசியார் அங்கேயே ஜெபம் சொன்னார். காற்றுக்கு அணையாமல் மெழுகுவர்த்திகளைப் பாறை இடுக்குகளில் நட்டார்கள், வெளிச்சம் கீழிருந்து பட்டதும் மேலே மூட்டத்தில் உட்கார்ந்திருந்தவற்றின் வயிறுகள் சின்னச் சின்னதாக மஞ்சளாய்த் தெரிந்தன. அதிசயம் பார்க்க அன்றைக்கு யாரும் வரவில்லை, எல்லாரும் துக்கத்துக்கு வந்தவர்கள்.

அலோசி கூப்பிட்டான். லூர்தம்மாள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பாறையில் வைத்து, அண்ணாந்து, "தின்னுட்டுப் போய்யா" என்றாள். அன்றைக்கும் அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஜெயராக்கினி புள்ளியை எடுத்தாள். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான், சதுப்பின் பச்சை வெளிறிச் சுண்ணாம்பு நிறமாயிற்று. மலைத்தொடர் முழுவதிலும் மிஞ்சியது உச்சிக்கு மேலே காற்றும், அதற்கு அடியில் தொட்டில் மாதிரி, முட்டை வைக்கிற இடமென்று அவள் குறித்திருந்த அந்த ஒரு சோலையும்தான். வரைபடத்தை அனுப்பிவிட்டு முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

சாயங்காலம் அம்மாவோடு அவளும் ஏறினாள். தவளைகள் இருந்தன, எல்லாம் கூப்பிட்டன, இழுத்துத் தட்டுகிற அந்த ஒன்று இல்லை. லூர்தம்மாள் காத்திருந்தாள், இல்லை என்று தெரிந்தேதான் காத்திருந்தாள். மூட்டம் இறங்கி முந்தின நாள் மெழுகுக் கறைகளை மறைத்தது. பிறகு அவள், ஆயுசுக்கும் கொழுந்து கிள்ளிக் கறுத்த கைகளை வாயருகே குவித்து, நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். தப்பும் தவறுமாக வந்தது. தவளைகள் ஒரு கணம் நிறுத்தின, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தன. உச்சியில் நட்டிருந்த கம்பத்துப் பெட்டியில் சிவப்புப் புள்ளி மின்னியது.

"இதும் பதிஞ்சிருக்குமா?"

"பதிஞ்சிருக்கும்மா."

"எடுத்துருவியா?"

"எடுக்கணும்மா."

"எடு" என்றாள் லூர்தம்மாள். "நான் நாளைக்கும் வருவேன்."

சோலையை வெட்டுவதில்லை என்று குழு முடிவு செய்தது. ஹோட்டல் வேலையை நம்பியிருந்தவர்கள் கொஞ்ச நாள் ஜெயராக்கினியோடு பேசவில்லை, பிறகு பேசினார்கள். லூர்தம்மாள் சொன்னபடியே மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் போய்க் கூப்பிட்டாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கணினி அவளைத் தவளை என்றே சொன்னது. ஜெயராக்கினி ஒவ்வொரு கூப்பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை, அதற்குப் பின்னால் வருகிற மூச்சிரைப்பையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக அழித்தாள். வருஷம் ஆக ஆகக் குரல் தேறியது, மூச்சிரைப்பு கூடியது. கடைசியில் அவளுக்கே கேட்டவுடன் அது அம்மாவா தவளையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல், மூச்சை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

லூர்தம்மாளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது, சிலுவைக்கு வெள்ளையும் அடித்தார்கள். அடக்கம் முடிந்து அடுத்த மாதம் ஜெயராக்கினி உச்சிப் பெட்டியைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டாள். தவளைகள், தவளைகள், தவளைகள் மட்டும். ஒரு தவறும் இல்லாத பதிவு, எந்த ஆராய்ச்சியாளரும் ஆசைப்படுகிற பதிவு. அழிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஏறினாள். தவளைகள் அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது மேகங்கள் நின்ற இடத்தில் இருந்தன. கம்பத்துப் பெட்டியின் கீழே நின்று, கைகளைக் குவித்து, அம்மா மாதிரி மூச்சிரைக்க, தம்பி மாதிரி மூன்றாவது தட்டில் இழுத்து நக்கலாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடித்ததும், இத்தனை வருஷமாக ஒருத்தி காத்திருந்த அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பார்த்தாள். அது பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை ஆபீசில் அதையும் முழுக்கக் கேட்டுவிட்டு, அவளே அழித்தாள்.